உங்களுக்குத் தெரியுமா? பிரிலிம்ஸ் ஸ்பெஷல்

2023 சிவில் சர்வீசஸ் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டவர்கள் 10,16,850 பேர். முதல்நிலைத் தேர்வு (பிரிலிம்ஸ்) நாளில் வந்து உட்கார்ந்தவர்கள் 5,92,141 பேர்தான். மீதி நாலேகால் லட்சம் பேர் வரவே இல்லை. எல்லோரையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. விண்ணப்பிப்பது 'அட்டெம்ப்ட்' ஆகாது. இரண்டு தாள்களில் ஒன்றையாவது எழுதினால்தான் கணக்கில் ஏறும். பொதுப்பிரிவினருக்கு ஆயுளுக்கும் 6 முறைதான். பாடம் முடியாதவர் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்துவிடுவது சோம்பலல்ல, சேமிப்பு.

*

ஓ.பி.சி. பிரிவினருக்கு 9 முறை. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வயது வரம்புக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும். வயது 21 முதல் 32 வரை, ஓ.பி.சி.க்கு 35, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 37. நம் ஊர் சான்றிதழில் பி.சி., எம்.பி.சி. என்று இருப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். டெல்லிக்கு, அதாவது தேர்வை நடத்தும் யூ.பி.எஸ்.சி.க்கு, தேவை மத்திய அரசுப் பட்டியலின்படியான ஓ.பி.சி. சான்றிதழ். குடும்பம் 'கிரீமி லேயரில்' வந்துவிட்டால் பொதுப்பிரிவுக் கணக்குத்தான். தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டிய நடையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டுத் தவிப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

*

பிரிலிம்ஸ், மெயின்ஸ், நேர்முகம் என்ற மூன்று கட்டங்களில் பெரிய சல்லடை எது? பலரும் மெயின்ஸ் என்பார்கள். எண்கள் வேறு சொல்கின்றன. 2024 தேர்வில் பிரிலிம்ஸ் எழுதியவர்கள் 5,83,213. தேறியவர்கள் 14,627. அதாவது ஒரு வகுப்பறையில் 40 பேர் என்றால் ஒருவர். அந்த 14,627 பேரில் இறுதிப் பட்டியலுக்குப் போனவர்கள் 1,009. ஏறக்குறைய 14, 15 பேருக்கு ஒருவர்.

*

இவ்வளவு பாடுபட்டு வாங்கும் பிரிலிம்ஸ் மதிப்பெண் ரேங்க்கில் ஒரு புள்ளிகூடச் சேராது. 140 எடுத்தவரும் கட்-ஆஃபைத் தொட்டுக்கொண்டு தப்பித்தவரும் மெயின்ஸ் வாசலில் சமம். காலியிடங்களைப் போல 12, 13 மடங்கு ஆட்களை உள்ளே விட்டுவிட்டுக் கதவு மூடப்படும்.

*

இந்தச் சல்லடையை வடிவமைத்தவர் ஓர் இயற்பியலாளர். டி. எஸ். கோத்தாரி, மேகநாத் சாகாவின் மாணவர். கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டிடமும் பணியாற்றியவர். வெண்குறு விண்மீன்களை ஆராய்ந்தவர், பிறகு பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகர், யூ.ஜி.சி. தலைவர். அவர் தலைமையிலான குழு 1976இல் அறிக்கை தந்தது. பிரிலிம்ஸ், மெயின்ஸ், நேர்முகம் என்ற மூன்றடுக்கு 1979இல் வந்தது. அதற்கு முன் இந்தத் தேர்வுக்குப் பிரிலிம்ஸ் என்ற ஒன்றே கிடையாது.

*

ஆனால் வேறு சல்லடைகள் இருந்தன. ஐ.சி.எஸ். காலத்தில் முதல் போட்டித் தேர்வு 1855இல் லண்டனில் நடந்தது. எழுத வேண்டுமானால் கப்பலேற வேண்டும். அதில் தேறிய முதல் இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர், 1863இல். 1870களின் இறுதியில் உச்ச வயதை 19 ஆகக் குறைத்தார்கள். பத்தொன்பது வயதுக்குள் கடல் தாண்டி, அந்நிய மொழியில் தேறி, பிரபுக்களின் பிள்ளைகளோடு போட்டி போட எத்தனை வீட்டால் முடியும்? இந்தியாவிலேயே தேர்வு எழுதலாம் என்று ஆனது 1922இல், அலகாபாத்தில்.

*

குதிரையும் ஒரு சல்லடை. எழுத்துத் தேர்வில் தேறினால் போதாது, குதிரையேற்றத்திலும் தேற வேண்டும். அரவிந்தர் 1890இல் ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வை நல்ல இடத்தில் முடித்தவர். குதிரையேற்றச் சோதனையில் தேறாமல் பணியில் சேர முடியாமல் போனது. அவருக்கு அந்தப் பணியில் ஆசையே இல்லை என்பது வேறு கதை. இன்று குதிரை இல்லை. சிசாட் இருக்கிறது.

*

சிசாட் என்றதும் பெருமூச்சு விடுபவர்களுக்கு ஒரு பழைய கதை. 2010 வரை பிரிலிம்ஸில் இரண்டாவது தாள் விருப்பப்பாடம்: பொது அறிவுக்கு 150 மதிப்பெண், விருப்பப்பாடத்துக்கு 300. 2011இல் விருப்பப்பாடத்தைத் தூக்கிவிட்டு, பத்தாம் வகுப்புக் கணக்கு, பத்தி வாசித்துப் புரிதல், தர்க்கம் என்று திறனறி தாளைக் கொண்டுவந்தார்கள். இரண்டு தாளுக்கும் தலா 200. இரண்டையும் கூட்டித்தான் கட்-ஆஃப். பொறியியல் படித்தவர்களுக்குக் கொண்டாட்டம், தமிழ் இலக்கியமும் வரலாறும் படித்தவர்களுக்குத் திண்டாட்டம். 2014இல் டெல்லி முகர்ஜி நகரில் இந்தி வழி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டு ஆங்கிலப் பத்திக் கேள்விகளின் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கவில்லை. 2015 முதல் சிசாட் வெறும் தகுதித் தாள்: 33 சதவீதம், அதாவது 66 எடுத்தால் போதும்.

80 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். தப்பே இல்லாமல் 27 சரியாகப் போட்டால் 67.5 வந்துவிடும். "இதென்ன பிரமாதம்" என்று கடைசி வாரம்வரை கணக்கைத் தொடாமல் இருப்பதுதான் ஆபத்து. முதல் தாளில் நல்ல மதிப்பெண் வைத்திருந்தும் சிசாட்டில் 60ஐத் தாண்டாமல் வீடு திரும்பியவர்கள் கதை எல்லா ஹாஸ்டலிலும் ஒன்றிரண்டு இருக்கும். 2023இல் அந்தத் தாள் கடினமாக வந்தபோது, தகுதி மதிப்பெண்ணைக் குறைக்கக் கேட்டு வழக்கே போட்டார்கள். பலன் இல்லை.

இன்னொன்று, அது மதியத் தாள். 2.30க்குத் தொடங்கும். காலைத் தாளின் அதிர்ச்சியும் வயிற்றில் போன சாப்பாடும் ஒன்றாகக் கண்ணை அழுத்தும் நேரம். நான் எழுதிய வருடம் எனக்கு முன் பெஞ்சில் இருந்தவர் மூன்றாவது பத்தியிலேயே தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். ஒப்புதலாக அல்ல.

*

தப்பு விடைக்கு மதிப்பெண் பிடிப்பது 2007 முதல். பிடிப்பது மூன்றில் ஒரு பங்கு. முதல் தாளில் சரிக்கு 2, தப்புக்கு 0.66. இந்த மூன்றில் ஒன்று ஏதோ தோன்றிப் போட்டதல்ல. நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குத்தினால் நான்கு தடவைக்கு ஒரு தடவை சரியாகும்: 2 வரும், மூன்று தப்புக்கு 2 போகும். கையில் மிஞ்சுவது சுத்தமான பூஜ்யம். குருட்டாம்போக்குக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ஆனால் ஒரே ஒரு விடையை "இது நிச்சயம் இல்லை" என்று தள்ள முடிந்தால் தராசு நம் பக்கம் சாய்கிறது. மீதி மூன்றில் குத்தினால் கேள்விக்குச் சராசரியாக 0.22 மிஞ்சும். இரண்டைத் தள்ளினால் 0.67. படித்து முடித்தவருக்கும் பாதி படித்தவருக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் இந்தத் தள்ளும் கலைதான். டெஸ்ட் சீரிஸ் எழுதுவதன் உண்மையான பயனும் அங்கேதான்: எத்தனை மார்க் வந்தது என்பதைவிட, 50-50 கேள்விகளில் என் ஊகம் எத்தனை சதவீதம் பலித்தது என்று குறித்து வைப்பது. சிலருக்கு ஊகம் பலிக்கும். சிலருக்கு முதலில் தோன்றியதை மாற்றினால் கெடும். அவரவர் கை ராசியை அவரவரே அறிய வேண்டும்.

*

அந்தக் கலைக்கும் 2023இல் ஆப்பு வைத்தார்கள். முன்பெல்லாம் "1, 2 மட்டும்", "2, 4 மட்டும்" என்று விடைகள் இருக்கும். 2018இல் செய்தியில் அடிபட்ட ஊர்கள் கேட்கப்பட்டன: அலெப்போ, கிர்குக், மொசூல், மஸார்-இ-ஷரீஃப். எந்த ஊர் எந்த நாட்டில் என்று பொருத்தியிருந்தார்கள். மொசூல் பாலஸ்தீனத்தில் இல்லை என்று தெரிந்தாலே அது வரும் விடைகளையெல்லாம் அடித்துவிட்டு மீதியில் தேடலாம். 2023 தாளில் பல கேள்விகளின் தொனியே மாறியது: "மேற்கண்டவற்றுள் எத்தனை சரி? ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவுமில்லை." மூன்றில் இரண்டு தெரிந்தாலும் பயனில்லை. மூன்றும் தெரிந்தாக வேண்டும்.

விளைவு கட்-ஆஃபில் தெரிந்தது. பொதுப்பிரிவுக்கு 2016இல் 116. 2018இலும் 2019இலும் 98. 2021இல் 87.54. 2023இல் 75.41. அடுத்த ஆண்டு 87.98.

*

87.98 என்பதைப் பிரித்துப் பாருங்கள். தப்பே இல்லாமல் 44 கேள்வி சரியாகப் போட்டிருந்தால் போதும். நூற்றுக்கு 44! பள்ளியில் இந்த மதிப்பெண்ணோடு போனால் வீட்டில் என்ன நடக்கும்? ஆனால் 80 கேள்வி எழுதுபவருக்கு அதே இடத்தை எட்ட 53 சரியாக வேண்டும். 27 தப்புக்கு ஏறக்குறைய 18 மதிப்பெண் பறிபோகும்.

*

தமிழ் தெரிந்தவருக்கு இந்தத் தாளில் சில நேரம் புதையல் கிடைக்கும். கிடைத்தது புதையல் என்று தெரிவதுதான் சிரமம். 2023இல் சங்கப் பாடல்களில் வரும் ஒரு வழக்கத்தைக் கேட்டார்கள். ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்ததை அப்படியே வாசித்தால் 'வட்டகிருதல்'. தேர்வறையில் எத்தனை பேர் அதைப் பார்த்து முழித்திருப்பார்கள்! அது நம் வடக்கிருத்தல். பத்தாம் வகுப்புத் தமிழாசிரியர் சொன்னதுதான்.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. எதிர்பார்த்த விடை, போரில் தோற்ற அரசன் உண்ணாநோன்பிருந்து உயிர் விடுவது. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதனுக்கு அது பொருந்தும். ஆனால் வடக்கிருத்தல் என்றதும் நமக்கு முதலில் நினைவு வருபவர் கோப்பெருஞ்சோழன். அவர் போரில் தோற்கவில்லையே! பெற்ற பிள்ளைகளோடு மூண்ட பகையில் மனம் நொந்து அமர்ந்தவர். அவருக்காக வந்து உடன் உயிர் விட்டவர் பிசிராந்தையார். இதெல்லாம் தெரிந்தவர் அந்த விடையைப் பார்த்து "இது முழுக்கச் சரியில்லையே" என்று அரை நிமிடம் தயங்கியிருப்பார். தெரியாதவர் டக்கென்று ஷேட் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

*

அதே தாளில் கொற்கை, பூம்புகார், 'முச்சிரி' மூன்றும் எதற்குப் பேர் போனவை என்றொரு கேள்வி. விடை துறைமுகங்கள். முச்சிரி என்பது பெரியாற்றங்கரை முசிறி. திருச்சி பக்கத்து முசிறியை நினைத்துக்கொண்டு, "அங்கே ஏது கடல்?" என்று குழம்பியவர் யாராவது இருந்தால் மன்னிக்கலாம். சித்தன்னவாசலும் அந்தத் தாளில் உண்டு, சமணக் குடைவரையாக. 2016இல் ஏரிப்பட்டி வந்தது: ஏரியைப் பராமரிக்க ஒதுக்கிய நிலத்தின் வருவாய். கடிகையும் கூடவே வந்தது, கோயிலை ஒட்டிய கல்விக்கூடம் என்ற பொருளில். தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் யோசியுங்கள்.

*

மெயின்ஸைத் தமிழில் எழுதலாம். நேர்முகத்தில் தமிழில் பேசலாம். பிரிலிம்ஸ் கேள்வித்தாள் மட்டும் இன்றுவரை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். மத்திய ஆயுதக் காவல் படையின் கான்ஸ்டபிள் தேர்வு 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளில் நடக்கிறது. கான்ஸ்டபிளுக்குக் கிடைத்தது கலெக்டருக்குக் கிடைக்கவில்லை.

இந்தியில் தேர்வு எழுதுபவர்களும் நிம்மதியாக இல்லை. 'ஸ்டீல் பிளான்ட்' என்பதை இந்தியில் எஃகுச் செடி என்று மொழிபெயர்த்தார்கள் என்பது 2014 போராட்டத்தில் ஊரறிந்த கேலி.

*

நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1910களில் அமெரிக்காவின் கான்சஸில் ஃபிரெடெரிக் கெல்லி என்ற கல்வியாளர் வாசிப்புச் சோதனைக்காக உருவாக்கினார். அதை இயந்திரத்தால் திருத்தும் வழியைக் கண்டவர் ரெனால்ட் ஜான்சன் என்ற பள்ளி ஆசிரியர். பென்சில் கரி மின்சாரம் கடத்தும் என்பதுதான் சூட்சுமம். அதை ஐ.பி.எம். 1938இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதனால்தான் பழைய தேர்வுகளில் பென்சில் கட்டாயம். இன்றைய இயந்திரம் ஒளியால் படிக்கிறது. யூ.பி.எஸ்.சி. கேட்பது கறுப்பு பால்பாயின்ட் பேனா. அழிக்க வழியில்லை, வட்டத்தைக் கறுத்தால் கறுத்ததுதான்.

*

கேள்விப் புத்தகம் ஏ, பி, சி, டி என்று நான்கு வரிசையில் வரும். எந்த வரிசை என்பதை விடைத்தாளில் தப்பாகக் குறித்தாலோ பதிவெண்ணில் பிசகினாலோ தாளே நிராகரிக்கப்படலாம். ஓராண்டுப் படிப்பு, இரண்டு வட்டத்தில். இப்போதைய விதிப்படி தேர்வு தொடங்க அரை மணி முன்பே நுழைவு முடிந்துவிடும், 9.30 தேர்வுக்கு 9 மணி. அதற்குப் பிறகு கதவுக்கு வெளியே நின்று கெஞ்சும் படங்கள் மறுநாள் பேப்பரில் வரும்.

*

தமிழ்நாட்டில் பிரிலிம்ஸ் மையங்கள் சென்னை, மதுரை, கோவை, திருச்சி, வேலூர். சென்னை தவிர மற்றவற்றில் முந்தி விண்ணப்பித்தவருக்கு முந்திக் கிடைக்கும். கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. பார்வையற்றவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு.

*

காட்டைக் காக்கப் போகிறவருக்கும் இதே வாசல்தான். 2013 முதல் இந்திய வனப்பணிக்கும் இந்த பிரிலிம்ஸே முதல் கட்டம். அறிவியல், பொறியியல், வேளாண்மைப் பட்டதாரிகள் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தையும் டிக் செய்யலாம். கட்-ஆஃப் தனி, பெரும்பாலும் கூடுதல்.

*

தேதி மாறவே மாறாது என்று நினைத்தவர்களைக் கொரோனா திருத்தியது. 2020 மே 31இல் நடக்க வேண்டியது அக்டோபர் 4க்குப் போனது. மறு ஆண்டு ஜூன் 27, அக்டோபர் 10 ஆனது. 2024இல் நாடாளுமன்றத் தேர்தலுக்காக மே 26, ஜூன் 16 ஆனது. கூடுதல் மாதம் கிடைத்ததும் மகிழ்ந்தவர்கள் அதில் என்ன படித்தார்கள் என்று கேட்காதீர்கள்.

*

தேர்வுக்குப் படிப்பவர்கள் வாங்கி வைக்கும் மத்திய அரசின் 'யோஜனா' இதழ் 1957 குடியரசு நாளில் தொடங்கியது. முதல் ஆசிரியர் குஷ்வந்த் சிங். ஐந்தாண்டுத் திட்டங்களை மக்களிடம் கொண்டுபோகத்தான் அது பிறந்தது. தமிழில் அதன் பெயர் 'திட்டம்'. வாங்குபவர் எல்லோரும் படிப்பதில்லை. அட்டையில் தூசி படிந்த 12 இதழ்கள் இல்லாத தேர்வர் அறை சென்னை அண்ணா நகரில் இருக்குமா என்பது சந்தேகம்.

அதே நேரம், 2021 தாளில் டெஸ்ட் கிரிக்கெட் உலக சாம்பியன்ஷிப் பற்றி ஒரு கேள்வி வந்தது. படிக்காமல் மேட்ச் பார்த்ததற்காகத் திட்டு வாங்கிய யாரோ ஒருவருக்கு அன்று 2 மதிப்பெண்.

*

தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, பிரிலிம்ஸுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் தருகிறார்கள். தேறினால் மெயின்ஸுக்கு மொத்தமாக 25,000. சென்னை பசுமைவழிச் சாலையில் அரசின் பயிற்சி மையமே இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மேசை பிடிக்க ஒரு பைசா செலவில்லை.

*

நம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 பிரிலிம்ஸ் வேறு குணம். 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம், தமிழிலும் ஆங்கிலத்திலும். தப்புக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை. ஐந்தாவதாக 'இ' என்றொரு வட்டம் இருக்கும்: விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதித் தரச் சொல்லும் தேர்வு! இங்கே துணிந்து குத்திப் பழகியவர்கள் டெல்லித் தாளிலும் அதே கையோடு இறங்கி அடி வாங்குவது வழக்கமான காட்சி. மாகாணங்களில் முதல் தேர்வாணையம் கண்டதும் நம் ஊர்தான், 1929இல், மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன் என்ற பெயரில்.

*

கேள்விப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மாலை 4.30க்கு வெளியே வந்தால் அன்று இரவே டெலிகிராமில் பயிற்சி மையங்களின் விடைகள் வரிசை கட்டும். ஒரே கேள்விக்கு மூன்று மையம் மூன்று விடை சொல்லும். மூன்றையும் கூட்டிப் பார்த்து எது அதிக மார்க் தருகிறதோ அதை நம்புவதுதான் மனித இயல்பு. ஆணையத்தின் விடைக்குறிப்போ, நேர்முகமெல்லாம் முடிந்து இறுதி முடிவு வந்த பிறகுதான் வெளிவந்துகொண்டிருந்தது. தேர்வு முடிந்ததும் உத்தேச விடைகளை வெளியிடுகிறோம் என்று யூ.பி.எஸ்.சி. உச்ச நீதிமன்றத்தில் சொன்னது 2025இல்தான். அதுவரை எழுதியவர்கள், 37ஆம் கேள்விக்குத் தாங்கள் போட்டது சரியா தப்பா என்பதை அடுத்த பிரிலிம்ஸ் நெருங்கும் நேரத்தில்தான் தெரிந்துகொண்டார்கள்.